இடது பக்கத்து மூச்சு

கிழிந்ததைக் கிழியாதது போலாக்குவதுதான் அவள் தொழில். கோட்டு, குடை, கூடாரத்துணி, ஒருமுறை ஒரு பொம்மைக் கரடியின் காது என்று அவளுடைய தையல் மேசைக்கு வராத பொருளில்லை. ஆனாலும் அந்த மத்தியானம் மேசைமேல் மல்லாந்து கிடந்த நோயாளியைப் பார்த்ததும், பக்கத்தில் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த தங்கையின் கை நின்றுவிட்டது.

“அக்கா, இது மாமாவோட டேப் ரெக்கார்டர் இல்ல?”

“ஆமா.”

“மாமாவுக்குத் தெரியுமா?”

“தெரிஞ்சா விட்டிருப்பாரா? என்னை வேணும்னா யாருக்காவது தூக்கிக் குடுத்துடுவாரு. இதைக் குடுக்க மாட்டாரு.”

பழைய காலத்து ஸ்டீரியோ பெட்டி அது. நடுவில் கேசட் போடும் வாய், மேலே தூக்கிக்கொண்டு போகக் கைப்பிடி, இரண்டு பக்கமும் முகத்தில் பாதியை அடைக்கும் ஸ்பீக்கர்கள். பழுப்பு நிறத் துணி இரண்டையும் மூடியிருந்தது. தூக்கும்போது இடது பக்கம் எப்போதும் அவருடைய இடுப்பில் உரசும். உரசி உரசி அந்தப் பக்கத்துத் துணி முதலில் நூல்நூலாகப் பிரிந்து, பிறகு கண்ணிமை போலத் திறந்து தொங்கியது. வலது பக்கம் நைந்திருந்தாலும் மானத்தைக் காத்துக்கொண்டிருந்தது.

இந்தத் துணி ஸ்பீக்கரில் நேராக ஒட்டப்பட்டதில்லை. மெல்லிய சட்டம் ஒன்றில் இழுத்து ஒட்டி, சட்டத்தின் பின்னாலுள்ள நான்கு முளைகளைப் பெட்டியின் துளைகளில் அமுக்கியிருப்பார்கள். சட்டைப் பொத்தான் போலத்தான். மூலைக்கு மூலை மொண்ணைக் கத்தியைக் கொடுத்து மெல்ல நெம்பினால் ‘டக்’கென்று வந்துவிடும். அவசரப்பட்டு ஒரே மூலையில் நெம்பினால் முளை உடையும். உடைந்த முளைக்கு உலகத்தில் வைத்தியம் இல்லை. அவள் அவசரப்படவில்லை. சட்டம் கையோடு வந்தது. உள்ளே கறுத்த காகிதக் கூம்பு, அதன்மேல் சின்னதாக இன்னொரு கூம்பு, இரண்டிலும் பூனை உறங்குவது போலத் தூசி.

“சொல்லிட்டே செய்யலாமே அக்கா. சந்தோஷப்படுவாரு.”

“ம்க்கும். ‘என் காதுக்குத் தப்பி ஒரு துரும்பு அசையாது’ன்னு கல்யாணமான நாள்லேர்ந்து பெருமை. ‘நான் தைச்ச இடத்தை எவனும் கண்டுபிடிக்க முடியாது’ன்னு நானும் சொல்லிட்டேதான் இருக்கேன். யாரு ஜெயிக்கிறாங்கன்னு பாப்போம். இடது பக்கம் மட்டும் மாத்தறேன். கண்டுபிடிச்சிட்டா வலதையும் அவரு முன்னாடியே மாத்தித் தர்றேன்.”

பழைய ஜன்னல் திரை ஒன்றிலிருந்து அதே நெசவில் துணி கிடைத்தது. நிறம் கொஞ்சம் பளிச்சென்றிருந்ததால் தேயிலைத் தண்ணீரில் கொதிக்கவிட்டாள். எத்தனை வருஷ வெயில் வேண்டுமோ அத்தனையும் ஒரு கொதியில் ஏறியது. துணியை இழுத்துப் பிடித்தபோதுதான் ஒரு குறை தெரிந்தது. நெசவு தளர்வு, நடுவில் தொய்ந்தது. தையல்காரிக்கு இதெல்லாம் ஒரு குறையா? சட்டைக் காலர் தொய்யாமலிருக்க உள்ளே கேன்வாஸ் வைப்பார்கள் அல்லவா, ஒரு பக்கம் பசை தடவிய அந்த வெள்ளைத் துணி, அதை அடியில் வைத்தாள். தங்கை சூடான இஸ்திரிப் பெட்டியால் ஒரு தேய் தேய்த்தாள். பசை உருகி இழையோடு இழையாகப் பிடித்துக்கொண்டது. சட்டத்தில் ஏற்றி ஒட்டியதும் துணி தவில் தோல் போல விண்ணென்று நின்றது.

வெளிச்சத்தில் பார்த்தாள், சாய்த்துப் பார்த்தாள், எட்டப் போய் நின்று பார்த்தாள். இடதுக்கும் வலதுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. அவளுக்கே தன்மேல் மரியாதை வந்தது.

*

அவள் கணவர் மின்விசிறித் தொழிற்சாலையில் காது. அப்படித்தான் சொல்ல வேண்டும். அங்கே ஓர் அறை உண்டு. சுவர், கதவு, கூரை எல்லாம் மெத்தை போன்ற பஞ்சு. உள்ளே நுழைந்தால் தன் இமை மூடும் சத்தம் தனக்கே கேட்கும். அந்த அறையின் நடுவில் ஒரு நாற்காலி, நாற்காலியில் அவர். விசிறிகளின் மோட்டார்கள் ஒவ்வொன்றாக வந்து அவர் முன்னால் சுழலும். பேரிங்கில் மணல் அளவு குறையிருந்தாலும் சுழற்சிக்குள் ஒரு மெல்லிய கீறல் ஒலிக்கும். அதை மற்றவர்கள் கேட்க மாட்டார்கள். அவர் கேட்பார். விரலை ஆட்டினால் அந்த மோட்டார் ஒதுங்கிவிடும். தொழிற்சாலையில் அவருக்குப் பெயரே ‘பாம்புச்செவி’.

“ஒரு மோட்டாரை நான் தப்பா விட்டுட்டா என்ன ஆகும் தெரியுமா?” என்பார். “யாரோ ஒருத்தர் படுக்கிற அறையில, வாழ்நாள் பூரா ஒரு சில்வண்டு. என்ன ஏதுன்னே தெரியாம அவங்க தூக்கம் போகும்.”

தினம் காலையில் வேலைக்குக் கிளம்புமுன் அவர் காதைத் தீட்டிக்கொள்வார். அதற்குத்தான் இந்தப் பெட்டி. ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்து, ஒரே கேசட்டை, ஒரே அளவு சத்தத்தில், கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். குழலும் மத்தளமும் வாசிக்கும் யாரோ இரண்டு பேர். இசை அவருக்குப் பொருட்டில்லை. குழல்காரர் ஊதத் தொடங்குமுன் இழுக்கும் மூச்சு இடது ஸ்பீக்கரிலிருந்து வரும். மத்தளக்காரரின் மோதிரம் விளிம்பில் ஒரு தடவை ‘டிண்’ணென்று படுவது வலதிலிருந்து வரும். மூச்சும் மோதிரமும் கேட்டால் காது சரி. செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடலாம்.

துணி மாற்றிய மறுநாள் காலை அவள் அடுக்களை வாசலில் நின்று சிரிப்பை அடக்கிக்கொண்டு பார்த்தாள். அவர் கேசட்டைப் போட்டார். கண்ணை மூடினார். புருவம் லேசாகச் சுருங்கியது. பின்னால் ஓட்டி மறுபடி போட்டார். மறுபடியும். சுண்டுவிரலால் காதைக் குடைந்துகொண்டு இன்னொரு தடவை.

‘அவ்வளவுதான், பிடிச்சிட்டாரு’ என்று நினைத்தாள்.

அவர் எழுந்து, பெட்டியை அணைத்துவிட்டு, ஒன்றும் பேசாமல் போய்விட்டார்.

“ஜெயிச்சிட்டேன்டி!” என்றாள் தங்கையிடம்.

*

அதற்கப்புறம் வீட்டில் எல்லாமே ஒரு சாண் நகர்ந்து போனது போலிருந்தது. தெருவில் நடந்தால் எப்போதும் அவளுக்கு வலது பக்கம் வருபவர், இப்போது சுற்றிக்கொண்டு வந்து இடது பக்கம் நடந்தார். இடப்புறம் படுத்தே பழகியவர் வலப்புறம் படுத்தார். பிறகு, ஏதோ தப்பாகிவிட்டது போல மறுபடியும் இடப்புறமே திரும்பிக்கொண்டார். சாப்பிடும்போது தட்டை ஒரு பக்கம் விரலால் தட்டிப் பார்த்தார், மறு பக்கம் தட்டிப் பார்த்தார். கூப்பிட்டால் முகம் மட்டும் திரும்பும். பார்வை எங்கோ தூரத்தில் மிதக்கும்.

தொழிற்சாலை விடுமுறைக்கு முந்தின சாயங்காலம், மாடிப்படியில் இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தபோது அவராகவே சொன்னார்.

“என்னோட இடது காது போச்சும்மா.”

“என்னங்க சொல்றீங்க?”

“அந்தக் குழல்காரரு மூச்சு விடறதே இல்ல இப்ப. திடீர்னு வாசிக்க ஆரம்பிச்சிடறாரு. மூச்சே இல்லாத ஆளு எப்படி வாசிப்பான்? எனக்குப் பாவமா இருக்கு.” அவர் சிரிக்க முயன்றார். “பாதி உலகம் தண்ணிக்குள்ள போயிட்ட மாதிரி இருக்கு. இந்தப் பக்கம் இலை விழுந்தா கேக்குது. அந்தப் பக்கம் மரமே விழுந்தாலும் பஞ்சுமேல விழற மாதிரி.”

“டாக்டர்கிட்ட போகலாம் வாங்க.”

“டாக்டர் ‘நான் பேசறது கேக்குதா’ம்பாரு. கேக்குமே. என்கிட்ட போனது அதைவிடப் பொடிசு. நம்ம பேச்சுக்கு இந்தக் காது தாராளமாப் போதும். அந்த நாற்காலிக்குப் போதாது.”

“இப்போ வேலையில எப்படி?”

“எல்லாத்துலயும் கீறல் கேக்குது. இல்ல, கேக்குதோன்னு தோணுது. நல்ல மோட்டாரையெல்லாம் ஒதுக்கி ஒதுக்கி மூலையில குவிச்சு வச்சிருக்கேன். சந்தேகம் வந்த காது கெட்ட காதுதானே? திங்கக்கிழமை போனதும் மேனேஜர்கிட்ட சொல்லிடறேன். என்னைப் பேக்கிங்குக்கு மாத்திடுங்க, அங்க கை இருந்தாப் போதும்னு.”

அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். துணி விஷயம் நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் வீடு பற்றி எரியும்போது திரைச்சீலையின் நிறத்தைப் பற்றிப் பேசுவார்களா? விழுங்கிவிட்டாள். மனிதர் காதைத் தொலைத்துவிட்டு நிற்கும்போது, ‘நான் ஜெயித்தேன்’ என்று சொல்வது என்ன அழகு? அவளைப் பொறுத்தவரை துணி கண்ணைச் சேர்ந்த சமாச்சாரம். காதுக்கும் அதற்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை.

*

மனசு வலித்தால் அவளுக்குக் கையில் ஏதாவது வேலை வேண்டும். ஞாயிறு மத்தியானம் அவர் அசந்து தூங்கிக்கொண்டிருந்தார். வீடு முழுக்க வெயில் தேன் போல மெதுவாக வழிந்துகொண்டிருந்தது. தங்கை வந்திருந்தாள். இரண்டு பேரும் வலது பக்கத்துச் சட்டத்தைக் கழற்றினார்கள். புதுசு பக்கத்தில் இருக்க, அந்த நைந்த துணி அவளுக்கு அவரையே நினைவுபடுத்திற்று, பார்க்கப் பொறுக்கவில்லை.

இஸ்திரியின் இளஞ்சூட்டைக் காட்டிப் பழைய பசையை இளக்கினாள். சுரண்டித் துடைத்தாள். மிச்சமிருந்த திரைத்துணியைக் கேன்வாஸோடு கவிழ்த்துப் போட்டு, சட்டத்தை அதன்மேல் வைத்தாள். நூலின் ஓட்டமும் சட்டத்தின் விளிம்பும் ஒரே கோட்டில் இருக்க வேண்டும். நூல் துளி கோணினாலும் முகமே கோணிவிடும். முதலில் நான்கு பக்கத்து நடுவையும் இழுத்து ஒட்ட வேண்டும், பிறகுதான் மூலைகளை நோக்கிப் போக வேண்டும். மூலையில் தொடங்கினால் நெசவு குடிகாரன் நடை நடக்கும். மூலைத் துணியை வகிர்ந்து, தபால் உறை போல மடித்து, விரலால் அழுத்திப் பிடித்தாள். பக்கத்து அறையிலிருந்து அவருடைய மூச்சு சீராக வந்துகொண்டிருந்தது. அவள் விரல்கள் அந்த மூச்சின் தாளத்திலேயே அழுத்தின, விட்டன, அழுத்தின.

“அழகாயிடுச்சு அக்கா” என்றாள் தங்கை மெல்ல.

“அழகு மட்டும்தான் நம்மால முடியும்” என்றாள் அவள்.

*

திங்கள் காலையில் அவர் நாற்காலியில் உட்கார்ந்து கேசட்டைப் போட்டார். ஒரே ஒரு தடவைதான் கேட்டார். பிறகு நிதானமாக எழுந்தார். முகத்தில் பயமில்லை, பயத்துக்கு அந்தப் பக்கம் ஓர் அமைதி இருக்கிறதே, அது இருந்தது.

“வலதும் போயிடுச்சும்மா” என்றார். “நல்லதுதான். இனிமே யோசிக்க வேண்டியதில்ல.”

செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கிவிட்டார்.

அவள் நின்ற இடத்திலேயே நின்றாள். கேசட் ஓடிக்கொண்டே இருந்தது. நேற்று மத்தியானம் வரை நன்றாயிருந்த வலது காது. இடது காதும் அப்படித்தான், அன்று மத்தியானம் வரை நன்றாயிருந்தது. அவள் இடதைத் தைத்தாள், இடது போனது. வலதைத் தைத்தாள், வலது போனது. என் ஊசி போகிற வழியில்தான் இவர் காது கெடுமா? வரிசை கூட மாறாமல்?

பெட்டியின் முன் மண்டியிட்டாள். ஏன் அப்படிச் செய்தாள் என்று அவளுக்கே தெரியாது. துணியில் வாயை வைத்து, ஊசிக் காதில் சிக்கிய நூலை ஊதுவது போல ‘ஃபூ’வென்று ஊதினாள். ஊதிய காற்று உள்ளே போகவில்லை. திரும்பி வந்து அவள் கன்னத்திலேயே வெதுவெதுப்பாகப் படிந்தது.

அப்போது அவளுக்கு எல்லாம் விளங்கியது. சத்தம் என்பது என்ன? அந்தக் காகிதக் கூம்பு முன்னும் பின்னும் துடித்துத் தள்ளும் காற்றுதானே. மத்தளத்தின் ‘தொம்’ எருமை மாதிரி. வேலியிருந்தாலும் தள்ளிக்கொண்டு வந்துவிடும். அதனால்தான் பாட்டு வழக்கம்போலக் கேட்டுக்கொண்டிருந்தது, அவளுக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை. ஆனால் மூச்சும் மோதிரமும் கொசு மாதிரி. வலைக்கண் அடைபட்டால் அந்தப் பக்கமே நின்றுவிடும். துணியின் கண்கள் அத்தனையையும் கேன்வாஸின் பசை உருகி அடைத்திருந்தது. காலருக்கு விறைப்பு வேண்டும். இதற்கு வேண்டியது காற்றோட்டம். அவள் பெட்டிக்குச் சட்டை தைத்திருக்கிறாள்!

கத்தியைத் தேட நேரமில்லை. நகத்தாலேயே நெம்பினாள். சட்டங்கள் இரண்டும் ‘டக் டக்’கென்று வந்தன. மின்சாரம் போகும் நாட்களுக்காக உள்ளே பேட்டரி எப்போதும் இருக்கும். முகத்திரை இல்லாத பெட்டியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, கதவைச் சாத்தக்கூட மறந்து ஓடினாள்.

தெரு இன்னும் சரியாக விழிக்கவில்லை. கடைக்காரர்கள் வாளியிலிருந்து தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார்கள். பஸ் நிறுத்தத்தின் கடைசியில், மற்றவர்களிடமிருந்து தள்ளி, கனவில் நிற்பவர் போல அவர் நின்றார்.

“ஏங்க! ஏங்க!”

அவர் திரும்பினார். பெட்டியைப் பார்த்தார். அவள் காலைப் பார்த்தார். “என்னம்மா இது? செருப்பு ஒண்ணொண்ணும் ஒரு நிறமா இருக்கு?”

“செருப்பு கெடக்கட்டும். கண்ணை மூடுங்க.”

“இங்கயா?”

“மூடுங்கன்னா மூடுங்க!”

பெட்டியை நிறுத்தத்தின் பெஞ்சுமேல் வைத்து, கேசட்டைப் பின்னால் ஓட்டிப் போட்டாள். பஸ்ஸுக்கு நின்றவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பினார்கள். ஒரு கணம் ஒன்றுமில்லை. பிறகு, அந்த வெட்டவெளியில், யாரோ மிக அருகில் நின்று இழுத்தது போல, நீளமாக ஒரு மூச்சு.

அவர் கண்ணைத் திறந்துவிட்டார்.

“டிண்” என்றது வலது.

“துணிங்க” என்றாள் அவள், மூச்சு வாங்க. “நான்தான். இடது பக்கம் கிழிஞ்சிருந்ததுன்னு உங்களுக்குத் தெரியாம மாத்தினேன். அடியில கேன்வாஸ் குடுத்துட்டேன், தொய்யக் கூடாதுன்னு. அது சத்தத்தை அடைச்சிடுச்சு. நேத்து வலதையும் மாத்தினேன். உங்க காதுக்கு ஒண்ணுமில்லங்க. அது பாம்புச்செவிதான்.”

அவர் முகம் சிவந்தது. “இத்தனை நாளா நான் செத்துச் செத்துப் பொழைச்சிட்டிருக்கேன்! ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?”

“நீங்க மட்டும்? காது போச்சுன்னு முதல் நாளே சொல்லியிருந்தா, ‘துணியை மாத்தினேனே’ன்னு நானும் அன்னிக்கே சொல்லியிருப்பேன். மனசுக்குள்ளயே வச்சுப் பூட்டிக்கிட்டா? கண்ணு முன்னாடி கிழிஞ்சு தொங்கினது காணாமப் போனதுகூடத் தெரியாத மனுஷன்!”

“நான் கண்ணை மூடிட்டுத்தானே கேப்பேன்!”

“நான் காதை மூடிட்டுத்தான் தைச்சேன் போல. போதுமா?”

கூடை வைத்திருந்த ஓர் அம்மாள் எட்டிப் பார்த்தாள். “சண்டையை அப்புறம் போடுங்கம்மா. அந்தக் குழலைக் கொஞ்சம் சத்தமா வைங்க, நல்லா இருக்கு.”

இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் சிரிப்பு வந்தது. அவருக்குச் சிரிப்போடு கண்ணும் கலங்கியது, துடைத்துக்கொள்ளவில்லை. திடீரென்று ஏதோ நினைத்துக்கொண்டவராய்த் தலையில் கை வைத்தார்.

“ஐயையோ, அந்த மோட்டார்கள்! நல்லதையெல்லாம் ஒதுக்கி மலையா குவிச்சு வச்சிருக்கேனே. மேனேஜர் உருக்கறதுக்கு அனுப்பறதுக்குள்ள அத்தனையையும் மறுபடி கேக்கணும்.”

“பஸ் வருது பாருங்க.”

“எனக்குக் கேட்டுச்சு” என்றார் அவர். “திருப்பத்துக்கு அந்தப் பக்கமே கேட்டுச்சு.”

முண்டியடித்து ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தார். அவளுக்குக் கையசைக்கவில்லை. இடது காதை உள்ளங்கையால் பொத்தினார், எடுத்தார். வலது காதைப் பொத்தினார், எடுத்தார். பஸ் நகர நகர, மாற்றி மாற்றிப் பொத்திக்கொண்டே, புதுசாகக் காது முளைத்த மனிதர் போலப் போய்க்கொண்டிருந்தார்.

பஸ் கிளப்பிய புழுதி நிறுத்தத்தை மூடியது. மூடியில்லாத கூம்புகளில் தூசி விழுமே என்று, யோசிக்காமலே கழுத்திலிருந்த மெல்லிய ஸ்கார்ஃபை உருவிப் பெட்டியின் முகத்தில் போட்டாள். புழுதி அடங்கியது. குழல் துளியும் மங்காமல் துணிக்குள்ளிருந்து வந்துகொண்டிருந்தது. குனிந்து, துணியோடு வாயை வைத்து ஊதினாள். காற்று தங்குதடையில்லாமல் உள்ளே போனது.

நிறம்தான் ஒத்துவராது, கத்திரிப்பூ நிறம். தேயிலைத் தண்ணீருக்கும் மசியாது. பரவாயில்லை, இந்தத் தடவை ஊருக்கே தெரியட்டும். அவள் பெஞ்சில் உட்கார்ந்து, ஸ்கார்ஃபின் அகலத்தைச் சாணால் அளக்கத் தொடங்கினாள்.